‘பை’ ஒன்றே போதுமென்றிருந்த காலம்

திருவனந்தபுரத்தில் 1960களில் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு இங்கிலீஷ் என்றால் பாஸிவ் வாய்ஸ்தான். பாட்டும் கதையும் அதற்கு அப்புறம். ‘ராமா கில்ட் ராவணா’ என்று சார் கரும்பலகையில் எழுதுவார். அதை நாங்கள் திருப்ப வேண்டும். ராவணன் முன்னால் வருவான், நடுவில் ‘வாஸ்’ வந்து உட்காரும், ராமன் கடைசிக்குப் போவான், அவனுக்கு முன்னே ‘பை’ நிற்கும். இந்த ஊரில் ஆசிரியர் ஆணானாலும் பெண்ணானாலும் ‘சார்’தான், எங்களுக்கு இலக்கணம் எடுத்த சார் ஒரு அம்மா. சாலைக் கடைத்தெருவில் சுமட்டுக்காரர்கள் மூட்டையைப் புரட்டும்போது ஒரு தாளம் எழும். அதே தாளத்தில் வகுப்பு முழுவதும் வாக்கியங்களைப் புரட்டினோம். புரட்டி முடித்ததும் ‘பை’ இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் மார்க்.

வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், உத்தியோகத்துக்கு இங்கிலீஷ். அப்பாவுக்கு சாலையில் பலசரக்குக் கடை. கணக்குப் பிள்ளை தமிழில் எழுதுவார், வாடிக்கைக்காரர் மலையாளத்தில் கடன் சொல்வார். பையன் மட்டும் செக்ரட்டேரியட்டுக்குள் போக வேண்டும் என்பது சாலைத் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கும் இருந்த ஆசை. வில்லியம் பார்ட்டன் கட்டிய அந்த வெள்ளைக் கட்டடம் 1869ல் திறக்கப்பட்டது. அப்போது திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ். அவருடைய சிலை எதிரே நிற்பதால்தான் அந்த இடத்துக்கு ஸ்டாச்யூ என்று பேர். அந்தக் கட்டடத்தின் வாசல் பட்டத்தில் இருக்கும் பப்ளிக் சர்வீஸ் கமிஷனின் பரீட்சை வழியாகத்தான் திறக்கும். அந்தப் பரீட்சைக்கு வாக்கியம் திருப்பத் தெரிய வேண்டும்.

ஆக, இங்கிலீஷ் பேசத் தெரியாத ஒரு தலைமுறைக்கு பாஸிவ் வாய்ஸ் தலைகீழ்ப் பாடம். இன்று என் பேத்தி கழக்கூட்டம் பக்கம் டெக்னோபார்க்கில் நாள் முழுக்க இங்கிலீஷ் பேசுகிறாள், எழுதுகிறாள். அவளிடம் பாஸிவ் வாய்ஸ் என்றால் என்னவென்று கேட்டால் யோசிக்கிறாள். நாங்கள் விதியை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தோம். அவள் தலைமுறை வாய் திறந்த பிறகு விதியைத் தேடவில்லை. ஒன்றில் மட்டும் இரண்டு தலைமுறையும் ஒரே இடத்தில் நிற்கிறது. வினைக்குப் பின்னால் வரும் சின்னச் சொல், ‘டு’, ‘வித்’, ‘அட்’, ‘இன்’, ‘ஆஃப்’, அதை எங்களுக்கும் யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை, அவளுக்கும் சொல்லித்தரவில்லை. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது. பாரலல் காலேஜ் என்னும் தனியார் டுடோரியலில் பல வருஷம் இங்கிலீஷ் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இங்கிலீஷின் உயிர் பாதி அந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது.

அன்று எங்கள் கையில் இருந்தது ரென் அண்ட் மார்ட்டின். பி.சி. ரென் பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர்; ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை 1924ல் எழுதிப் புகழ் பெற்றவரும் அவரே. அந்த இலக்கணப் புத்தகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் எல்லாம் இருக்கிறது. பாஸிவ் வாய்ஸ் ஒரு அத்தியாயம். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்த பிரிபொசிஷன் என்பது வேறொரு அத்தியாயம். இரண்டுக்கும் நடுவே வெகு தூரம். முதல் அத்தியாயம் பரீட்சைக்கு நிச்சயம் வரும் என்பதால் வகுப்பில் எடுத்தார்கள். மற்றதை வீட்டில் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து உட்காரும் என்பதை மாணவன் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சேரும் இடத்தில்தான் சிக்கல். ‘எல்லோருக்கும் அவரைத் தெரியும்’ என்பதைத் திருப்பினால் ‘ஹீ இஸ் நோன் பை ஆல்’ என்று எழுதுவோம். சார் சிவப்பு மையில் ‘பை’யை அடித்து ‘டு’ போடுவார். ஏன் என்று கேட்டால் விதிவிலக்கு என்பார். ‘இன்டரஸ்டட் இன்’, ‘சர்ப்ரைஸ்ட் அட்’, ‘சாடிஸ்ஃபைட் வித்’, ‘மேரீட் டு’ எல்லாமே விதிவிலக்கு. பட்டியல் நீண்டுகொண்டே போகும். இத்தனை விலக்கு இருந்தால் அது என்ன விதி என்று கேட்க எங்களுக்கு அப்போது தைரியம் இல்லை.

உண்மையில் அவை விலக்கே அல்ல. ‘பை’ என்பது செயலைச் செய்தவனைக் காட்டும். ராவணன் கொல்லப்பட்டான், கொன்றவன் ராமன். அங்கே ‘பை’ சரி. ஆனால் ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்பதில் நான் எதையும் செய்யவில்லை. தெரிந்திருப்பது ஒரு நிலை. நிலையைச் சொல்லும்போது அந்த வினை பாதி பெயரடையாகிவிடுகிறது. தனக்குப் பழக்கமான துணையைத் தானே கூட்டிக்கொள்கிறது. கவடியார் சாலையில் மார்கழிக் காலையில் மரங்களெல்லாம் பனி மூடி நின்றால் ‘கவர்ட் வித்’. யாரோ ஒருவர் பாத்திரத்தை மூடிவைத்தால் அந்த ஆளுக்கு ‘பை’. சாலைப் பாத்திரக் கடையில் தொங்கும் உருளி வெண்கலத்தில் ஆனது, வெண்கலம் கண்ணுக்குத் தெரிகிறது: ‘மேட் ஆஃப்’. சர்க்கரை கரும்பிலிருந்து வந்தது, கரும்பு உருமாறிவிட்டது: ‘மேட் ஃப்ரம்’. இதை விளக்க அரைமணி நேரம் போதும். எங்களுக்கு அந்த அரைமணி நேரம் கிடைக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது வேறொரு வழியில். கரமனை அக்ரகாரத்தில் செக்ரட்டேரியட்டிலிருந்து ரிட்டையர் ஆன ஒரு பெரியவர் இருந்தார். ஊரார் எல்லோருக்கும் அவர் ‘சாமி’. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பையன்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருவார், காசு வாங்க மாட்டார். இலக்கணப் புத்தகம் அவர் கையில் நான் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்கக் கோப்புகளில் நோட் எழுதிய கை. அந்த பாஷையைத்தான் சொல்லித்தந்தார். ‘தி பெட்டிஷன் இஸ் டிஸ்போஸ்ட் ஆஃப்.’ ‘தி ரிப்போர்ட் மே பி கால்ட் ஃபார்.’ ‘தி ஆர்டர் ஹாஸ் பீன் கம்ப்ளைட் வித்.’ ‘தி மேட்டர் இஸ் பீயிங் லுக்ட் இன்டு.’ எதிலும் ‘பை’ இல்லை. ஆனால் எல்லாம் பாஸிவ்.

“சாமி, ‘பை’ எங்கே?” என்று கேட்டேன்.

“அது வேண்டாம்டா. ‘டிஸ்போஸ்’க்கு ‘ஆஃப்’தான் கூட்டாளி. ஆக்டிவ்ல அது பின்னாடி நிக்கும், பாஸிவ்ல திருப்பினாலும் அது அங்கேயே நிக்கணும். அதை விட்டுட்டா பெட்டிஷன் தீர்ந்ததுன்னு அர்த்தம் வராது. பெட்டிஷனை அடுக்கி வெச்சான்னு வரும். கேட்டியோ?”

பிறகு அவர் ஒரு வாக்கியம் சொன்னார். உத்தியோகஸ்தர் எல்லோரும் பயப்படும் வாக்கியம் அது: ‘தி ஆஃபிஸர் மே பி ப்ரொசீடட் அகைன்ஸ்ட்.’ அவர்மேல் நடவடிக்கை எடுக்கலாம். ‘அகைன்ஸ்ட்’ என்று வாக்கியம் முடிவதைக் கேட்டு நாங்கள் முழித்தோம். பிரிபொசிஷனில் வாக்கியம் முடியக் கூடாது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சாமி அதற்கும் பதில் வைத்திருந்தார். “சர்க்கார் முடிக்கறதே அதிலதான். அப்புறம் ‘பை’ போடலாம், யார் எடுக்கறான்னு தெரியணும்னா. ‘ஹீ வாஸ் லாஃப்ட் அட் பை தி பாய்ஸ்.’ ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஒண்ணு வினையோட ஆள், ஒண்ணு செஞ்சவனோட ஆள். அதாக்கும் வித்தியாசம்.”

‘அட் பை’ என்று இரண்டு பிரிபொசிஷன் அடுத்தடுத்து நிற்பதைப் பள்ளியில் எழுதியிருந்தால் ஒன்றை அடித்திருப்பார்கள். திண்ணையில் அது இயல்பாக இருந்தது. அந்தப் பெரியவர்தான் எனக்கு முதல் இங்கிலீஷ் ஆசிரியர் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இந்த வகைப் பாஸிவுக்கு ஒரு நுட்பம் உண்டு. புகாரை விசாரித்தால் ‘தி கம்ப்ளெய்ன்ட் வாஸ் லுக்ட் இன்டு’ என்று தாராளமாகச் சொல்லலாம். கிணற்றை எட்டிப் பார்த்தால் ‘தி வெல் வாஸ் லுக்ட் இன்டு’ என்பது காதில் இடிக்கும். வினை அதே, பிரிபொசிஷன் அதே. புகாரின் விஷயத்தில் இரண்டும் ஒன்றி ஒரே வினையாகிவிட்டன, பார்வை புகாரைத் தொட்டு ஏதோ செய்துவிட்டது. கிணற்றில் பார்வை விழுந்தது, கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராண்டால்ஃப் குவர்க்கும் கூட்டாளிகளும் 1985ல் வெளியிட்ட பெரிய இலக்கண நூல் இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்கிறது. அதைப் படித்தபோது கரமனைத் திண்ணையின் அறிவு எவ்வளவு நுட்பமானது என்று புரிந்தது.

அதைப் போன்ற புத்தகங்களைப் பார்க்க எங்களுக்கு ஊரில் பிரிட்டிஷ் கவுன்சில் லைப்ரரி இருந்தது. அங்கே ஹார்ன்பியின் அகராதியை மேஜைமேல் விரித்துவைத்துக் குறிப்பெடுப்பேன். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் இங்கிலீஷ் கற்பித்தவர். ஒவ்வொரு வினைக்கும் பின்னால் என்ன வரும் என்பதை முறையாகக் காட்டும் அகராதியை அங்கேதான் உருவாக்கினார்; 1942ல் டோக்கியோவில் வந்தது, 1948ல் ஆக்ஸ்ஃபோர்ட் மறுபடி வெளியிட்டது. ஜப்பானிய மொழியிலும் நம் மொழியைப் போல உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். அந்த மாணவர்கள் தடுக்கி விழும் இடத்தைப் பார்த்து அவர் எழுதியதால்தான் அந்த அகராதி நமக்கும் இவ்வளவு பொருந்தியது என்பது என் எண்ணம். 2008ல் லைப்ரரியை மூடினார்கள். ஊர் வருந்தியது, கூட்டம் போட்டு எதிர்த்தது, ஆனாலும் மூடினார்கள்.

உருபு என்றேன். அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மற்றவர்களைவிடச் சுலபமாக வரக்கூடியது. ‘எனக்குத் தெரியும்’ என்கிறோம், ‘என்னால் தெரியும்’ என்பதில்லை. அந்த ‘கு’தான் ‘நோன் டு’வில் இருக்கும் ‘டு’. ‘மகளை நாகர்கோவில்காரருக்குக் கட்டிக்கொடுத்தோம்’ என்கிறோம், அங்கேயும் ‘கு’, ‘மேரீட் டு’. ‘மேரீட் வித்’ என்று எழுதும் பையன் தன் பாட்டியின் பேச்சை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால் போதும். ‘சங்கீதத்தில் ஈடுபாடு’ என்கிறோம், ‘இல்’ அங்கே இருக்கிறது, ‘இன்டரஸ்டட் இன்’. வகுப்பில் நான் கரும்பலகையின் இடப்பக்கம் வேற்றுமை உருபும் வலப்பக்கம் பிரிபொசிஷனும் எழுதுவேன். எல்லாம் பொருந்தாது. பொருந்தாத இடத்தைப் பொருந்திய இடங்களுக்கு நடுவே பார்த்தால் மனதில் தங்கும்.

ஆற்றுகால் பொங்கல் நாளை எடுத்துக்கொள்வேன். கிழக்கே கோட்டையிலிருந்து தம்பானூர் தாண்டித் தெருக்களெல்லாம் பெண்களும் அடுப்புகளும். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய திருவிழா. 2009ல் வந்தவர்கள் 25 லட்சம் என்று பதிவு. தெருக்கள் பெண்களால் நிறைந்திருந்தன. இங்கே ‘ஃபில்ட் வித் விமன்’, ஏனென்றால் தெருவில் இருப்பது அவர்கள். பானையை அரிசியால் நிறைத்தாள் ஒருத்தி. அரிசிக்கு ‘வித்’, அவளுக்கு ‘பை’. தமிழில் இரண்டுக்கும் ‘ஆல்’தான் வருகிறது. பானையில் இருப்பது எது, நிரப்பியவர் யார் என்று கேட்டுப் பார்த்தால் குழப்பம் தீரும். இந்த ஒரு உதாரணம் பிடித்தவர்களுக்கு மற்றதெல்லாம் தானாக வந்தது.

இனி இன்றைக்கு வருகிறேன். டெக்னோபார்க் 1990ல் தொடங்கியது. நாட்டின் முதல் டெக்னாலஜி பார்க் அது. அங்கே இங்கிலீஷ் மூச்சு மாதிரி. பேத்தி வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் அடுத்த அறையிலிருந்து கேட்பேன். ‘இட் இஸ் பீயிங் வொர்க்ட் ஆன்’ என்பாள். அச்சு அசல் சரி. ‘தி ஃபைல் ஹாஸ் பீன் டேம்பர்ட் வித்’ என்பாள், ‘தி அக்கவுன்ட் வாஸ் லாக்ட் இன்டு’ என்பாள். கடைசி வாக்கியம் சாமிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் கேட்டிருந்தால் உடனே புரிந்திருக்கும், ‘ப்ரொசீடட் அகைன்ஸ்ட்’டின் தங்கை அது. வாக்கியம் திருப்பாத பெண், பட்டியல் மனப்பாடம் செய்யாத பெண், எங்கள் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவனுக்கு வராத பாஸிவைப் போகிற போக்கில் சொல்கிறாள். காதில் விழுந்ததை அப்படியே எடுத்துக்கொண்டாள். இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்கு வேண்டாம்: இது காதால் வர வேண்டிய பாடம்.

ஆனால் அதே வாயில் ‘தி க்ளையன்ட் வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் அபவுட் தி டிலே’ என்றும் வருகிறது. ‘தி இஷ்யூ வாஸ் டிஸ்கஸ்ட் அபவுட்’ என்றும் வருகிறது.

“க்ளையன்டை விளக்க முடியுமா கண்ணு? தாமதத்தைத்தானே விளக்கினீங்க?”

“எல்லாருக்கும் புரியுது தாத்தா. பெங்களூர்ல புரியுது, மணிலால புரியுது.”

“புரியும். ஆனா ‘டோல்ட்’ சொன்னா ஆளை முன்னால போடலாம், ‘கிவன்’ சொன்னாலும் போடலாம். ‘எக்ஸ்ப்ளெய்ன்’ விடாது. ‘தி டிலே வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் டு தி க்ளையன்ட்.’ அவருக்குன்னு தமிழ்ல சொல்றோமில்ல, அந்த ‘கு’ எங்கே போச்சு உன் வாக்கியத்துல?”

அவள் அதை ஒப்புக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். தட்டச்சு செய்யும்போது கணினியே சிவப்புக் கோடு போட்டுத் திருத்திவிடும் என்றாள். திருத்துகிறது, பார்த்தேன். ‘அபவுட்’ காணாமல் போனது, அவள் ஏன் என்று பார்க்காமல் அனுப்பினாள். மறுநாள் பேச்சில் அதே ‘அபவுட்’. சாரின் சிவப்பு மை எங்களுக்குக் காரணம் சொல்லவில்லை, கணினியின் சிவப்புக் கோடும் சொல்வதில்லை. இரண்டுக்கும் இடையே அறுபது வருஷம் ஓடியிருக்கிறது.

இன்னொரு மாற்றமும் மனதை அரிக்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ல் வந்தது. அதில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே பெறலாம் என்று வழி செய்திருக்கிறது. அருமையான ஏற்பாடு, இந்த ஊர்த் தமிழர்கள் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். ஆனால் அரசுத் தமிழ் என்று எங்கே பார்த்தாலும் ‘மனு பரிசீலிக்கப்பட்டு நடவடிக்கை மேற்கொள்ளப்படும் எனத் தெரிவிக்கப்படுகிறது’ என்றுதான் இருக்கிறது. இங்கிலீஷ் நோட்டின் பாஸிவ் தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது. மலையாளக் கடிதங்களிலும் இதே கதைதான். திராவிட மொழிகளில் பாஸிவ் என்று தனியாக ஒரு வினையமைப்பு இல்லை என்று கால்டுவெல் 1856லேயே எழுதினார். ‘படு’ என்ற துணைவினையை ஒட்டித்தான் ஆக்குகிறோம். தொல்காப்பியம் வேறொரு அழகான வழக்கைச் சொல்கிறது: செய்யப்பட்ட பொருளையே தான் செய்தது போலச் சொல்லிவிடலாம். உரைகாரர்கள் மெழுகிய திண்ணையை உதாரணம் காட்டுவார்கள். அந்த வழக்கு சாலையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மிளகாய் மூட்டை வந்தாச்சு, இறக்கியாச்சு, எடை போட்டாச்சு, கணக்கு முடிஞ்சாச்சு. யாரால் என்று எவரும் கேட்பதில்லை, ‘பட்டது’ என்று எவரும் சொல்வதுமில்லை. சாமி எழுதிய இங்கிலீஷ் பாஸிவில் ‘ஆஃப்’பும் ‘அகைன்ஸ்ட்’டும் சேர்ந்து அர்த்தத்தைத் தாங்கின. இந்தத் தமிழ் பாஸிவில் தாங்குவதற்கு ஒன்றுமில்லை, ‘படுகிறது’ மட்டும் இருக்கிறது.

பட்டம், தம்பானூர், பாளையம், எங்கே பார்த்தாலும் இன்று பி.எஸ்.சி. கோச்சிங் போர்டுகள். கேள்வித்தாளில் வாக்கியம் திருப்புவது இன்னும் இருக்கிறது, பிரிபொசிஷன் நிரப்புவதும் இருக்கிறது, அப்போது போலவே இரண்டும் தனித்தனி. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நான் எடுக்கிறேன். வினையைத் தனியாக நோட்டில் எழுதக் கூடாது, அதன் கூட்டாளியோடு, ஊரைப் பற்றிய ஒரு முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

போன வாரம் ‘நோன்’ எடுத்தோம். 1991 வரைக்கும் இந்த ஊருக்கு அரசு ஆவணங்களில் இருந்த பெயரைச் சொல்ல ‘நோன் ஆஸ் ட்ரிவேண்ட்ரம்’. பத்மநாபசுவாமி கோயிலால் பேர்பெற்றது என்பதற்கு ‘நோன் ஃபார்’. சாலையில் எல்லோருக்கும் தெரிந்த கடை என்றால் ‘நோன் டு’. சேர்க்கையை வைத்து ஆளை அறியலாம் என்னும்போது ‘நோன் பை’, அங்கே ‘பை’ தப்பே இல்லை. நான் நான்கோடு நிறுத்தினேன். வலியசாலைப் பெண் ஒருத்தி ‘நோன் அபவுட்’ உண்டா சார் என்று கேட்டாள். உண்டு என்றேன், வாக்கியம் எழுதச் சொன்னேன். அவள் தெருவைச் சில வரலாற்றாசிரியர்கள் ராஜராஜ சோழன் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலையோடு இணைத்துச் சொல்கிறார்கள். அது இங்கேதான் இருந்ததா விழிஞ்ஞத்திலா, கல்விச்சாலையா படைச்சாலையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அவள் எழுதினாள்: ‘வெரி லிட்டில் இஸ் நோன் அபவுட் காந்தளூர்ச் சாலை.’ மற்றவர்களும் அதைத் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.